இடப்பக்கத்தில் இருந்த வகை

2005 வாக்கில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு திறமூல சி++ கோப்பைத் திறந்து, அதில் ஒரு சுழற்சி தொடங்கும் வரியைப் பாருங்கள். ஒரு மேப் இருக்கிறது. சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே முழு எண்களின் வரிசை ஒன்று. அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்து வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கான இட்டரேட்டரின் வகையை எழுத மட்டும், குறிகளையும் இடைவெளிகளையும் சேர்த்து, 56 தட்டுகள். மேப் என்று தொடங்கி, அதற்குள் ஸ்டிரிங், பக்கத்தில் வெக்டர், வெக்டருக்குள் இன்ட், எல்லாம் மூடிய பிறகு 'மாற்றமாட்டேன்' என்ற உறுதியோடு இட்டரேட்டர். அதன் பின்னர்தான் மாறியின் பெயர் வரும். இரண்டு கோண அடைப்புகள் அடுத்தடுத்து மூடுமிடத்தில் ஓர் இடைவெளி கட்டாயம். மறந்துவிட்டால் கம்பைலர் அதை ஷிப்ட் குறி என்று எடுத்துக்கொண்டு பிழை சொல்லும்.

இன்று அதே வரியில் அந்த 56 தட்டுகளுக்குப் பதில் 'ஆட்டோ' என்ற சொல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது நான்கே எழுத்து. வலப்பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வகையைக் கம்பைலரே ஊகித்துக்கொள்கிறது. 2011-ஆம் ஆண்டின் சி++ தரநிலையில் அந்த இடைவெளிக் கட்டாயமும் வகையை எழுதும் கட்டாயமும் ஒன்றாகவே விலகின.

வகையைக் கையால் எழுதும் வழக்கம் முதல் நாளிலேயே வந்ததல்ல. 1957-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரானில் மாறியின் பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் முழு எண். மற்றவை பதின்ம எண். எதையும் அறிவிக்கத் தேவையில்லை. அதன் விலை பின்னால்தான் தெரிந்தது. பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் பிழை வராது, புதிதாக ஒரு மாறி பிறந்துவிடும். கணக்கு ஓடும், விடை தவறாக வரும். ஃபோர்ட்ரான் 90 தரநிலை, நிரலின் தலையில் ஒரே வரி எழுதி இந்தத் தானியங்கு வழக்கத்தை அணைத்துவிட வழி செய்தது. அதற்குப் பிறகு அந்த வரி இல்லாத ஃபோர்ட்ரான் நிரலைப் பொறுப்பானவர்கள் ஏற்பது அரிதாயிற்று.

சி மொழி வளர்ந்த 1970-களில் காரணம் வேறு. நினைவகம் சிறியது; கம்பைலர் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போகும்; ஒரு மாறிக்கு எத்தனை பைட் ஒதுக்குவது என்பது அது வருமுன்பே தெரிந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொகுதியின் தலையிலும் மாறிகள் வகையோடு வரிசையாக நின்றன, நாடகப் பிரதியின் முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் நிற்பதைப்போல. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி-யின் நீலத் திரையில் கற்றவர்களுக்கு இது கைப்பழக்கம். முதலில் இன்ட், பிறகு ஃப்ளோட், பிறகு கேர்; ஒரு வரி இடைவெளி; அதன் பிறகே வேலை. லினக்ஸ் கெர்னல் 2022 மே மாதம் வெளிவந்த 5.18 பதிப்பு வரை 1989-ஆம் ஆண்டின் சி-யிலேயே எழுதப்பட்டது. 2011-இன் சி-க்கு மாறிய பிறகும் அதன் செயற்கூறுகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலோடுதான் தொடங்குகின்றன.

எழுதாமலே வகையைக் கண்டுபிடிக்க முடியும் என்பது இதற்கிடையில் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. எடின்பரோவில் ராபின் மில்னர் தேற்றங்களை நிறுவும் ஒரு கருவிக்காக எம்.எல். மொழியை உருவாக்கினார்; எந்த வகையையும் எழுதாத ஒரு நிரலுக்கு, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் வகையைக் கணக்கிட்டுச் சொல்லும் முறையை 1978-இல் கட்டுரையாக வெளியிட்டார். தர்க்கவியலில் ரோஜர் ஹிண்ட்லி 1969-லேயே இதை ஒட்டிய முடிவுக்கு வந்திருந்தார். சி++-ஐ உருவாக்கிய பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் 1984-இன் தொடக்கத்தில் தம் முதல் கம்பைலரில் ஆட்டோவை இயங்க வைத்தார். ஆனால் அதே சொல் சி மொழியில் வேறு பொருளில் ஏற்கெனவே இருந்தது. பழைய சி நிரல்களோடு மோதல் வருமென்று அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. எடுத்ததைத் திரும்ப வைக்க 27 ஆண்டுகள் ஆயின. தடையாக இருந்தது அறிவு அல்ல, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த நிரல்கள்.

வகையை ஊகிக்கும் வசதி புழக்க மொழிகளுக்கு வரத் தொடங்கியதும் எல்லாம் விரைவாக நடந்தது. சி ஷார்ப் 2007, கோ 2009, சி++ 2011, ரஸ்ட் 2015. கடைசியாக ஜாவா 2018 மார்ச்சில், பத்தாம் பதிப்பில். மில்னரின் கட்டுரைக்கும் அதற்கும் நடுவே 40 ஆண்டுகள். ஜாவாவில்தான் இந்த மாற்றம் மிகத் தயங்கி வந்தது என்று சொல்வேன், அந்தத் தயக்கத்தை மதிக்கவும் செய்கிறேன். 2004-இல் ஜெனரிக்ஸ் வந்தபோது ஒரே வகையை வரியின் இரு பக்கங்களிலும் முழுதாக எழுத நேர்ந்தது. 2011-இல் வலப்பக்கத்தை வெற்றுக் கோண அடைப்பாகச் சுருக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இடப்பக்கத்தைக் கைவிட இன்னும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. அதுவும் செயற்கூறுக்குள் இருக்கும் மாறிகளுக்கு மட்டும். செயற்கூறு என்ன வாங்குகிறது, என்ன திருப்பித் தருகிறது, ஒரு கிளாஸ் எதை வைத்திருக்கிறது என்பவற்றை இன்றும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதனால் கிடைத்தது தட்டச்சு மிச்சம் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது போதாத கணக்கு. ஒரு சிறிய இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். சி++ மேப்பில் ஒவ்வோர் உறுப்பும் ஓர் இணை: திறவுகோல், மதிப்பு. திறவுகோலை இடையில் மாற்றக்கூடாது என்பதால் அந்த இணைக்குள் இருக்கும் ஸ்டிரிங், மாறாத ஸ்டிரிங். கையால் வகையை எழுதுபவர் 'ஸ்டிரிங்கும் இன்ட்டும் சேர்ந்த இணை' என்று எழுதுவார்; வெளியே ஒரு 'மாறாத' குறியும் ரெஃபரன்ஸ் குறியும் வைப்பார். ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் உள்ளே விட்டுப்போன அந்த ஒரு சொல்லால் அது வேறு வகை ஆகிவிடுகிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியும் என்பதால் கம்பைலர் மறுப்பதில்லை. சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தற்காலிக இணையை உண்டாக்கி, ஸ்டிரிங்கைப் பிரதியெடுத்து, உடனே அழிக்கிறது. விடை சரி. சோதனைகள் எல்லாம் தேறும். நிரல் மட்டும் காரணம் தெரியாமல் மெதுவாக ஓடும். பிற்காலத்தில் கம்பைலர்கள் இதற்கு எச்சரிக்கை தரத் தொடங்கின. ஆட்டோவும் ரெஃபரன்ஸ் குறியும் போட்டிருந்தால் அந்தச் சிக்கலுக்கே இடமில்லை. வகையைத் தெளிவாக எழுதியவர் தவறாக எழுதினார். எழுதாமல் விட்டவர் சரியான வகையைப் பெற்றார்.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. ஐகன் என்ற திறமூல அணிக்கணித நூலகத்தில் இரண்டு அணிகளைப் பெருக்கினால் உடனே கிடைப்பது அணி அல்ல, 'இவ்விரண்டையும் பெருக்க வேண்டும்' என்ற குறிப்பைச் சுமக்கும் ஒரு பொருள். இடப்பக்கத்தில் அணி என்று வகையை எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே பெருக்கல் நடந்து விடை மாறியில் அமரும். ஆட்டோ என்று எழுதினால் அமர்வது குறிப்புதான். அதன் பிறகு அந்த மாறியைத் தொடும் ஒவ்வொரு முறையும் பெருக்கல் புதிதாக நடக்கலாம். நடுவில் உண்டான தற்காலிகப் பொருள் ஒன்று அழிந்த பிறகும் குறிப்பு அதையே சுட்டிக்கொண்டிருந்தால், வருவது குப்பை. அதனால்தான் தன் கோவைகளோடு ஆட்டோ வேண்டாம் என்று ஐகனின் ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. இங்கே இடப்பக்கத்தில் இருந்த வகை வெறும் வர்ணனை அல்ல. 'இப்போதே கணக்கிட்டு முடி' என்ற உத்தரவு அது. அது உத்தரவு என்பதே, அதை எடுத்துவிட்ட பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

திறமூலத்தில் இந்தக் கேள்விக்குத் தனியான கனம் உண்டு. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே அறையில் இல்லை, பல நேரங்களில் ஒரே பத்தாண்டிலும் இல்லை. பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாத ஒருவர் அந்த வரியைப் படித்துப் புரிந்துகொண்டு, பிழையைத் திருத்தி அனுப்ப வேண்டும். அன்று அவருக்கு இருந்த முதன்மைக் கருவி தேடல். ஒரு வகையின் பெயரைக் கொடுத்து கிரெப் ஓட்டினால், அது பயன்படும் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு வரியும் கிடைத்துவிடும். ஒரு பெரிய திட்டத்தின் வரைபடமே அந்தப் பட்டியல்தான். இன்று அதே தேடல் வகை உண்டாகும் இடத்தையும் அது வந்துபோகும் செயற்கூறுகளையும் காட்டும். நடுவில் ஆட்டோவாகவும், ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் அதன் இடத்தில் நிற்கும் 'வார்' ஆகவும் ஓடும் வரிகளைக் காட்டாது.

பேட்ச்சிலும் இதே நிலை. ஒரு செயற்கூறு திருப்பித் தரும் வகையை மாற்றினால், அன்று அதை அழைக்கும் கோப்புகள் எல்லாவற்றிலும் இடப்பக்கத்தைத் திருத்த வேண்டியிருந்தது. சலிப்பான வேலை. ஆனால் திருத்திய கோப்புகள் அனைத்தும் பேட்ச்சில் தெரியும். அவற்றின் பராமரிப்பாளர்கள் பார்ப்பார்கள். ஒருவராவது 'என் பகுதிக்கு இது ஒத்துவராது' என்று சொல்வார். இன்று அதே மாற்றம் ஒரு கோப்பில், இரண்டு வரியில் முடிந்துவிடும். அழைக்கும் இடங்கள் எல்லாம் புதிய வகையை ஊகித்துக்கொண்டு பேசாமல் ஏற்கின்றன. மாற்றுவது எளிதாயிற்று என்பது உண்மையான லாபம். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட சீரமைப்புகளை அது நடத்திக்காட்டியிருக்கிறது. மாற்றம் எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணால் காண முடியாமல் போனதும் உண்மை.

எனவே ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு கோடு கிழித்துக்கொண்டது. 'ஏறத்தாழ எப்போதும் ஆட்டோ' என்ற கருத்தை சி++ வல்லுநர் ஹெர்ப் சட்டர் 2013-இல் முன்வைத்தபோது, கம்பைலர் கட்டும் எல்.எல்.வி.எம். திட்டத்தார் அதைப் பெயர் சொல்லியே விலக்கி, மிதமான விதி ஒன்றை எழுதினார்கள்: படிக்க எளிதாக்கினால், பராமரிக்க உதவினால் மட்டும் ஆட்டோ. அந்த விதியோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தது. ரெஃபரன்ஸ் குறி இல்லாமல் ஆட்டோ என்று மட்டும் எழுதிச் சுழற்சியை ஓட்டினால் ஒவ்வோர் உறுப்பும் பிரதியெடுக்கப்படும். மேலே கண்ட அதே விபத்து, இம்முறை எதிர்த்திசையிலிருந்து. 2014-இல் திறமூலமாக்கப்பட்ட டாட் நெட்டின் விதி இன்னும் கறார்: வகையின் பெயர் வலப்பக்கத்தில் வெளிப்படையாக இருந்தால்தான் இடப்பக்கத்தில் வார்.

எல்லாவற்றையும் ஊகிக்கக்கூடிய மொழிகளின் பழக்கம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. ஹாஸ்கெல்லில் ஒரு கோப்பு முழுக்க எந்த வகையும் எழுதாமலே பெரும்பாலும் ஓட்டிவிடலாம். இருந்தும் அந்த மொழியில் எழுதுவோர் மேல்மட்டச் செயற்கூறு ஒவ்வொன்றின் தலையிலும் அதன் வகையைத் தனி வரியாக எழுதுகிறார்கள். எழுதாவிட்டால், எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருக்கும் கம்பைலர் நினைவூட்டுகிறது. ரஸ்ட் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: செயற்கூறின் முகப்பில் வகை கட்டாயம், உள்ளே உன் விருப்பம். ஊகிக்கும் திறனை முதலில் பெற்றவர்கள்தான் அதை எங்கே நிறுத்துவது என்று முதலில் முடிவு செய்தார்கள் என்பது என் எண்ணம்.

எழுதிவந்தவர்கள் எழுதுவதைக் குறைத்த அதே ஆண்டுகளில், எழுதாமலே வாழ்ந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டுக்கு 2012-இல் டைப்ஸ்கிரிப்ட் வந்தது. அதை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க், எல்லா மாறிகளையும் மேலே அறிவிக்கச் சொன்ன டர்போ பாஸ்கலை எழுதியவர். வகையை எழுதாமல் விட அனுமதித்த சி ஷார்ப்பையும் வடிவமைத்தவர். பைத்தான் 1991 முதல் வகை எழுதாமலே வளர்ந்தது. 2015 செப்டம்பரில் வந்த 3.5 பதிப்பில் விரும்புவோர் எழுத முறையான இடம் கிடைத்தது. டிராப்பாக்ஸ் நிறுவனம் 40 லட்சம் வரி பைத்தானை மைபை என்ற திறமூலக் கருவியால் வகை சரிபார்த்ததாக 2019-இல் அறிவித்தது.

பைத்தானில் இது ஏன் தேவைப்பட்டது என்பதைத் தமிழை வைத்தே காட்டலாம். 'தமிழ்' என்ற சொல்லில் நாம் காண்பது 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீட்டுப் புள்ளிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூ.டி.எஃப்-8 கோப்பில் 15 பைட். பைத்தான் 2-இல் ஒரு மாறியில் இருப்பது பைட்டுகளா, யூனிகோடு உரையா என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீளம் கேட்டால் 15-ம் வரும், 5-ம் வரும். இரண்டையும் ஒட்டினால், பைட்டுகளில் ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும்வரை ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரி. தமிழில் பெயரைத் தட்டியவர் திரையில், ஆஸ்கி முறையில் படிக்க முடியவில்லை என்ற பிழையோடு நிரல் நின்றது. வகை கண்ணில் படாததன் செலவை, அந்த நிரலை எழுதியவர் அல்ல, வேறு எழுத்து முறையில் எழுதுபவர் ஏற்றார். பைத்தான் 3 இரண்டையும் தனித்தனி வகையாகப் பிரித்து, கலந்தால் யார் தட்டினாலும் உடனே பிழை சொன்னது. வகையைக் குறிக்கும் வசதி வந்த பிறகு, செயற்கூறின் முகப்பிலேயே 'இது பைட் வாங்கும், இது உரை தரும்' என்று எழுதிவிடலாம். ஓட்டுவதற்கு முன்பே கருவி பிடித்துவிடும். 3-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாட்டைப் பைத்தானின் எந்த வகையும் இன்னும் சொல்வதில்லை. அதற்குத் தமிழ் எழுத்துகளைப் பிரிக்கத் தெரிந்த நூலகம் தனியாக வேண்டும்.

மைபையும் செயற்கூறின் முகப்பில்தான் வகையைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் மாறிகளைப் பெரும்பாலும் ஊகித்துக்கொள்கிறது. இரண்டு திசைகளிலிருந்து கிளம்பியவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

உள்ளே எழுதாமல் விட்ட வகை முழுக்க மறைந்துவிடவும் இல்லை. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை, கம்பைலருக்குத் தெரிந்ததை எடிட்டருக்கும் தெரியச் செய்தது. 2022-இல் அதன் 3.17 பதிப்பு, ஊகித்த வகையை வரிக்கு நடுவே காட்டும் முறையையும் சேர்த்தது. ரஸ்ட் நிரலைத் திறந்தால் மாறியின் பக்கத்தில் மங்கலான நிறத்தில் வகை தெரிகிறது. கோப்பில் அது இல்லை, திரையில் இருக்கிறது. திட்டத்தை இறக்கி, கருவிகளை நிறுவி வைத்திருப்பவர் அன்றைவிட அதிகமாகவே பார்க்கிறார். மின்னஞ்சலில் வந்த பேட்ச்சைப் படிப்பவருக்கும், கைப்பேசியில் புல் ரிக்வெஸ்டைத் திறப்பவருக்கும், இப்போதுதான் முதல்முறை வந்து எட்டிப் பார்க்கும் மாணவருக்கும் அது கிடைப்பதில்லை. அன்று இவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்தார்கள். ஜாவாவுக்கு வார் வந்த அதே மாதம் ஜாவா உருவாக்கக் குழுவின் ஸ்டூவர்ட் மார்க்ஸ் எழுதிய வழிகாட்டுதலில், படித்துப் புரிந்துகொள்வது எடிட்டரின் உதவியைச் சார்ந்திருக்கக் கூடாது என்பது அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. நடைமுறையில் நாம் மெல்ல அந்தச் சார்புக்குள் போய்க்கொண்டிருக்கிறோம்.

வகை விலகிய இடத்தின் சுமை மாறியின் பெயருக்கு வந்திருக்கிறது. பெயருக்குள் வகையை வைப்பது பழைய வழக்கம். லிப்ரே ஆபிஸ் நிரலில் பாயின்டருக்கு முன் பி, எண்ணுக்கு முன் என் என்று முன்னொட்டுகளை இன்றும் காணலாம். அந்த வழக்கத்தைக் கெர்னலின் எழுத்துமுறை ஆவணம் கடுமையாகவே நிராகரிக்கிறது. வகை கம்பைலருக்குத் தெரியுமே என்பது அதன் வாதம். இப்போது அது வேறு வழியில் திரும்பி வருகிறது.

ஒரு ஜாவா வரியை எடுத்துக்கொள்வோம். அன்று இடப்பக்கத்தில் 'யூசர்களின் செட்' என்று வகை இருந்தது. மாறிக்கு 'யூசர்ஸ்' என்ற பெயர் போதும். ஒரே ஆள் இருமுறை இடம்பெற மாட்டார் என்பதை வகையே சொல்லிவிட்டது. இன்று அங்கே வார் இருக்கிறது. இது செட்டா, லிஸ்டா என்று ரிவ்யூவில் ஒருவர் கேட்பார். எழுதியவர் பெயரை 'யூசர்செட்' என்று மாற்றி அனுப்புவார், ஏற்கப்படும். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர், ஏற்றும் வேகத்துக்காக, அந்தச் செயற்கூறு லிஸ்ட் தரும்படி மாற்றுகிறார். பழைய வரியாக இருந்தால் கம்பைல் அங்கேயே நின்றிருக்கும். புதிய வரியில், சுழற்சி இரண்டுக்கும் ஒன்றுதான், எண்ணிக்கை கேட்பதும் ஒன்றுதான், எனவே எல்லாம் கம்பைல் ஆகும். மாறியின் பெயர் 'யூசர்செட்' என்றே இருக்கும், ஒரே ஆளுக்கு இரண்டு மின்னஞ்சல் போகத் தொடங்கிய பிறகும்.